ஒரே கோலா, மூன்று நாட்டுச் சட்டம்

330 மில்லி கோலா டின்னில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது எட்டு ஒன்பது டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னபடி பார்த்தால், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம்தான் எல்லை, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது. தேனும் பழச்சாறும் கூட இந்தக் கணக்கில் வரும். இதைக் கடையில் நிற்கிற ஆளுக்கு எப்படிச் சொல்வது? 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை உள்ள ஒரே கோலாவை மூன்று நாட்டில் வைத்துப் பார்ப்போம்.

இலங்கையில் 2016 ஆகஸ்டிலேயே பாட்டிலில் வண்ணக் குறி வந்துவிட்டது. பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்பதால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சிவப்பு விழுவது 11 கிராமைத் தாண்டினால்தான். நம் கோலாவுக்குச் செம்மஞ்சள், மூன்று கிராம் உள்ள பானத்துக்கும் அதே செம்மஞ்சள் என்றால் வாங்குபவர் என்ன முடிவுக்கு வருவார்?

சிங்கப்பூர் 2022 டிசம்பர் இறுதியில் ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தது. 10 கிராமைத் தாண்டினாலே டி, அதற்கு விளம்பரமும் செய்யக் கூடாது. எழுத்தோடு சர்க்கரை எத்தனை சதவீதம் என்றும் போடுகிறார்கள். அப்புறம் ஒரு வருடத்தில் கடையில் கலக்கித் தரும் தே (டீ), கோப்பி வரைக்கும் இதைக் கொண்டுபோனார்கள், சர்க்கரை பாட்டிலில் மட்டுமா இருக்கிறது?

பிரிட்டன் வாங்குபவரை விட்டுவிட்டுத் தயாரிப்பவரைப் பிடித்தது. 2018 ஏப்ரலிலிருந்து 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமைத் தொட்டால் ஒரு வரி, 8 கிராமைத் தொட்டால் அதைவிட அதிக வரி. இரண்டு வருடம் முன்பே அறிவித்ததால் வரி வருவதற்குள் நிறைய கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன, லுகோசேட் எனர்ஜி என்ற பானம் 4.5 கிராமுக்கு இறங்கியது. ஆனால் அசல் கோகோ கோலா இறங்கவில்லை, வரியைக் கட்டிக்கொண்டு அப்படியே விற்கிறது. குறைத்த இடத்தில் செயற்கை இனிப்பு வந்தது என்பதும் உண்மை, குழந்தைகளின் நாக்கு அந்த இனிப்புக்கே பழகுவது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

பிரிட்டனின் படிப்படியான வரியும் சிங்கப்பூரின் குறியும் சேர்ந்து வந்தால்தான் வேலை நடக்கும் என்பது என் கருத்து. இந்தியாவில் இப்போது இருப்பது 40 சதவீத ஜிஎஸ்டி, அதுவும் சர்க்கரை நிறைந்த கோலாவுக்கும் சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் ஒரே மாதிரி, அப்படியிருக்க கம்பெனி எதற்குச் சர்க்கரையைக் குறைக்க வேண்டும்? எதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் சர்க்கரைப் பலகையைப் பள்ளிகளில் வைக்கச் சொல்லி 2025-இல் சிபிஎஸ்இ உத்தரவிட்டது நல்ல விஷயம், ஆனால் பிள்ளைகள் வாங்கும் பாட்டிலின் முன்பக்கத்தில் இன்னும் எந்த எச்சரிக்கையும் இல்லை. அது வரும்வரை பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் 100 மில்லிக்கு என்று போட்டிருக்கும் சர்க்கரை அளவைப் பாருங்கள். 600 மில்லி பாட்டில் என்றால் ஆறால் பெருக்க வேண்டும்: 10.6 கிராம் கோலா, 63 கிராமுக்கு மேல்.