வெள்ளவத்தை வார இறுதி ஜாவா வகுப்பு: இன்னர் கிளாஸ் பாடம் எப்படி?

கொழும்பு காலி வீதிப் பக்கம் தமிழில் நடக்கும் இந்த ஜாவா நிரல்மொழி வகுப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்கள், இன்னர் கிளாஸ் பாடம் ஒன்றுக்காகவே சேரலாம். கிளாஸ் என்பது ஒப்ஜெக்ட்களை உருவாக்கும் அச்சு; அதற்குள் எழுதும் இன்னொரு கிளாஸ்தான் இன்னர் கிளாஸ்.

பாடம் 100ஆம் இலக்க பஸ்ஸோடு தொடங்குகிறது. 'பஸ்' கிளாஸுக்குள் 'டிக்கெட்' என்றொரு இன்னர் கிளாஸ். இரண்டிலும் 'இலக்கம்' என்று ஒரே பெயரில் ஃபீல்ட் (மதிப்பை வைத்திருக்கும் இடம்). டிக்கெட்டின் மெதட்டுக்குள் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) வெறுமனே 'இலக்கம்' என்றாலும் 'திஸ்.இலக்கம்' ('திஸ்' என்றால் இப்போது வேலை செய்யும் ஒப்ஜெக்ட்) என்றாலும் டிக்கெட்டின் இலக்கம்தான் வரும். பஸ்ஸின் 100 வேண்டுமென்றால் 'பஸ்.திஸ்.இலக்கம்'. பெயர் மோதாத இடத்தில் இது தேவையில்லை, பஸ்ஸின் பிரைவேட் (வெளியாருக்கு மூடிய) ஃபீல்டைக்கூட நேரே தொடலாம். வேண்டுமென்றே பெயரை மோதவிட்டுக் காட்டுவது அருமையான யோசனை.

அடுத்து, நிரல் தொடங்கும் இடமான மெயின் மெதட்டில் 'நியூ டிக்கெட்()' என்று எழுதவைத்து, கொம்பைலர் (நிரலைச் சோதித்து மொழிமாற்றும் கருவி) திட்டுவதைப் பார்க்கவிடுகிறார்கள். மெயின் ஸ்டாட்டிக் (எந்த ஒப்ஜெக்டையும் சேராதது), அங்கே 'திஸ்' கிடையாது. எந்த பஸ்ஸின் டிக்கெட் என்று தெரியாது. பலர் உடனே டிக்கெட்டை ஸ்டாட்டிக் ஆக்குவார்கள். அந்தப் பிழை போய்விடும், ஆனால் 'பஸ்.திஸ்' எழுதிய வரியில் புதிய பிழை முளைக்கும். சரியான வழி, முதலில் 'பி' என்று ஒரு பஸ் ஒப்ஜெக்ட் உருவாக்கி, பிறகு 'பி.நியூ டிக்கெட்()'. 'நியூ பி.டிக்கெட்()' என்று மாற்றி எழுதினால் செல்லாது.

கொம்பைல் ஆன கிளாஸுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் 'ஜாவாப் -பி' கட்டளையை ஓடவிட்டு, டிக்கெட்டுக்குள் கொம்பைலர் ஒளித்துவைத்த 'திஸ்$0' ஃபீல்டைக் காட்டும் கட்டம்தான் உச்சம். டிக்கெட் தன் பஸ்ஸை எப்படிப் பிடித்துவைத்திருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. எல்லா இன்னர் ஒப்ஜெக்டிலும் இந்த ஃபீல்ட் இருக்கும் என்கிறது அச்சிட்ட குறிப்பு. ஆனால் ஜேடிகே (ஜாவா நிரல் எழுதும் கருவித் தொகுப்பு) 18 முதல், வெளி ஒப்ஜெக்டைத் தொடாத இன்னர் கிளாஸில் கொம்பைலர் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறது. இதைவிடப் பெரிய குறை, மெமரி கசிவை ஒரே வரியில் கடந்துவிடுவது. அந்த ஃபீல்ட் உள்ள ஒரு டிக்கெட்டை எங்காவது லிஸ்ட்டில் போட்டுவைத்தால், முழு பஸ்ஸும் குப்பைக்குப் போகாமல் மெமரியில் கிடக்கும். ஆண்ட்ரொய்ட் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும். லாம்டாவுக்குள் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) 'திஸ்' என்றால் வெளி ஒப்ஜெக்ட், பெயரில்லாத கிளாஸுக்குள் என்றால் அதே கிளாஸின் ஒப்ஜெக்ட் என்ற வித்தியாசமும் குறிப்பில் இல்லை.

லப்டொப்பில் ஜேடிகே 17, 21 இரண்டையும் போட்டுக்கொண்டு போங்கள். பஸ்ஸைத் தொடாத ஒரு டிக்கெட்டை இரண்டிலும் கொம்பைல் செய்து 'ஜாவாப்' ஓடவிட்டால், 'திஸ்$0' காணாமல் போவதை அங்கேயே பார்த்துவிடலாம்.