சீரியலில் யாரும் உடுத்தாத சாறி: மருதமுனைக் கைத்தறி

மருதமுனைக் கைத்தறிச் சாறி வாங்கலாமா என்று டியூட்டரியில் என்னோடு படிப்பிக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். வாங்கலாம். நின்றுகொண்டு வேலை செய்கிற பெண் என்றால் கட்டாயம் வாங்கலாம். கல்யாண வீட்டுக்கு என்றால் வேறு இடம் பாருங்கள். கடும் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்ததை மட்டும் எடுக்காதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என்னுடையது மாம்பழ மஞ்சள். கரை கடும்பச்சை, முந்தானையில் அதே பச்சையில் நாலைந்து கோடு. வேலைப்பாடு அவ்வளவுதான். நான் கொடுத்த விலை 5,500 ரூபாய், சட்டைத் துணி தனி. கையில் எடுத்தவுடன் பாரமாகத் தெரியும். புதிதில் கொய்யகம் அடங்காது, வயிற்றுப் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். சில கழுவலுக்குப் பிறகு கஞ்சி இறங்கி உடம்புக்குப் பழகிவிடும். நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் எடுக்கிற இடம் தகரக் கூரை. சனிக்கிழமை காலை தொடங்கினால் மதியம் தாண்டிவிடும். சித்திரை வெயிலில் ஜோர்ஜட் சாறியோடு அங்கே நின்றிருக்கிறேன். வியர்வையில் முதுகோடு ஒட்டியதை இழுத்துவிட்டால் பின்வாங்கு முழுக்கச் சிரிக்கும். இந்தச் சாறியில் வியர்க்காது என்று சொல்ல மாட்டேன். வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், காற்றுப் பட்டதும் காய்ந்துவிடும்.

ஆனால் கசங்கும். களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறி மட்டக்களப்பில் இறங்கும்போது இடுப்புக்குக் கீழே அயன் பண்ணிய அடையாளமே இருக்காது. நான் முன்பு பார்த்த தொழிலில் பருத்திச் சாறியைக் கிட்டவே அண்ட விடாததற்கு இந்தக் கசங்கல்தான் காரணம்.

சென்னையில் நெடுந்தொடர்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். 1990இல் சண்டை மறுபடி மூண்டபோது மட்டக்களப்பை விட்டுப் போன குடும்பம் எங்களுடையது. நான் படித்தது, வளர்ந்தது எல்லாம் சென்னையில்தான். சீரியலில் ஒரு கல்யாணம் என்றால் மூன்று வாரத்துக்கு நடக்கும். கதையில் அது ஒரே நாள். அதனால் அத்தனை நாள் படப்பிடிப்புக்கும் ஒரே சாறி, ஒரே மடிப்பு, தலையில் பூ கூட அதே அளவுதான் வாடியிருக்க வேண்டும். பருத்தி கசங்கினால் கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநர் அழுதுவிடுவார். வில்லி படுக்கைக்கும் ஜரிகைக் கரையோடு போவது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

சரி, கடைக்கு வருவோம். மருதமுனை அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ், அக்கரைப்பற்று பஸ் எதில் ஏறினாலும் இறங்கலாம். பிரதான வீதியில் கண்ணாடி போட்ட காட்சியறைகள் உண்டு. நான் எடுத்தது அங்கே இல்லை, கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் பெயர்ப் பலகை கூட இல்லாத ஒரு வீட்டுத் தறியில். சாறியை விரித்துக் காட்ட மேசை கிடையாது, பாயில்தான் விரிப்பார்கள்.

தறிக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதிகம் கதைக்கிறவர் இல்லை. 2004 சுனாமி பழைய தறியைக் கொண்டுபோனதை ஒரு வரியில் சொல்லி முடித்தார். நூல் விலையைக் கேட்டால்தான் வாய் திறக்கும். நூல் இந்தியாவிலிருந்து வருகிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினபோது, “நெய்தா நட்டம், நெய்யாட்டிப் பட்டினி, தங்கச்சி” என்றார். கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். கயிற்றைச் சுண்ட, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடுகிறது. உடனே பலகையை இழுத்து ஒரு இடி. நாடாவில் நூல் தீர்ந்தால் நிறுத்தி, புது நூலின் நுனியைப் பழையதன் மேல் கொஞ்சம் ஏற்றிப் போட்டுவிட்டுத் தொடர்கிறார். அந்த இடத்தில் விரலால் தடவினால் மெல்லிய தடிப்புத் தட்டுப்படும். என் சாறியில் முந்தானைக்குச் சற்றுக் கீழே அப்படி ஒன்று இருக்கிறது. தறியையும் எழுத்தையும் முடிச்சுப் போட்டு இந்த இடத்தில் ஒரு வசனம் வரும் என்று நினைப்பீர்கள். அப்படிப்பட்ட வசனம் எழுதி எழுதிச் சலித்து வந்தவள் நான், விடுங்கள்.

பின் விறாந்தையில் அவர் மனைவி நாடாவுக்குள் வைக்கிற தாருக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கை ராட்டையில், கண் நூலில், டிவி முதுகுக்குப் பின்னால். சென்னைச் சானல் ஒன்றில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மாமியார் வாயைத் திறக்கும்போதெல்லாம் “இவ திருந்தமாட்டா” என்று பதில் சொல்லிக்கொண்டே சுற்றினார்.

எழுத வந்த புதிதில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இதுதான். டிவிக்கு முன்னால் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், அடுப்படியில் நின்று கேட்பார்கள். கடிதம் வந்தால் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கதவு திறந்தால் “அடடே, அண்ணியா, வாங்க” என்று வந்தது யாரென்று சொல்லிவிட வேண்டும். விளம்பரத்துக்கு முன் சொன்னதை விளம்பரத்துக்குப் பின் வேறொருவர் வாயால் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் கதைக்குக் கிடைப்பது 22 நிமிடம் சொச்சம். அதில் பாதி இப்படியே போய்விடும். மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் எழுதினேன். அந்த விறாந்தையில் நின்றபோது, பாடம் சரியான பாடம்தான் என்று தெரிந்தது. கண்ணை எடுத்தால் நூல் அறுந்துவிடும், அவர் வேறெப்படிக் கதை கேட்பது? அதற்காகத் திரும்பிப் போய் எழுதுவேனா என்றால், மாட்டேன். நான் யாரென்று அவரிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் “மறுகா என்ன நடக்கும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பொழுது சாய்ந்திருக்கும்.

வேலையை விட்டதில் பெரிய நாடகம் எதுவும் கிடையாது. படப்பிடிப்பு தொடங்கிய பிறகும் சீன் பேப்பர் வாட்ஸ்அப்பில் போய்க்கொண்டிருக்கும். அங்கே முதல் சீனை மனப்பாடம் பண்ணும்போது இங்கே நான் மூன்றாவது சீனில் இருப்பேன். வியாழக்கிழமை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற டிஆர்பி கணக்கு வரும், வெள்ளிக்கிழமை செத்தவர் பிழைப்பார். நடிகை சம்பளம் கூட்டிக் கேட்டால் அந்தப் பாத்திரத்துக்கு விபத்து. வருடக்கணக்காக இழுத்த கதையை இரண்டு வாரத்தில் முடிக்கச் சொல்லி ஒரு நாள் உத்தரவு வந்தது. கெட்டவர்கள் எல்லாரும் ஒரே கிழமையில் திருந்தினார்கள். கடைசிப் பக்கத்தை அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் அடுத்த தொடருக்கு அழைப்பு, சம்பளமும் கூட. வரவில்லை என்றேன். காரணம் கேட்டதற்கு, ஊரில் அம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றேன். அது பொய்யில்லை. எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான். வருமானம் என்று பார்த்தால் இப்போது கிடைப்பது அங்கே வந்ததில் கால்வாசி கூட வராது. ஆகவே 5,500 எனக்குச் சின்னக் காசில்லை, யோசித்துத்தான் கொடுத்தேன்.

இனி அந்தச் சிவப்புச் சாறி. தங்கைக்கு என்று சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்டது ஒன்று அதே வீட்டில் எடுத்தேன். முதல் கழுவலிலேயே சாயம் இறங்கி வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ். உப்புத் தண்ணீரில் ஊறப்போடச் சொன்னார் காக்கா. போட்டும் ஒன்றும் ஆகவில்லை. காசைத் திருப்பித் தரவில்லை, அடுத்த சாறியில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தத் தடவை வந்த நூல் அப்படி என்பது அவருடைய நியாயம். என்னுடைய நியாயம், விற்கிறதற்கு முன் அவர் ஒரு முழத்தை நனைத்துப் பார்த்திருக்கலாம் என்பது. நீங்கள் போனால் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கிக் கொண்டுபோய், கடும் நிறம் உள்ள இடத்தில் தேய்த்துப் பாருங்கள். தங்கை இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மின்தறித் துணியைக் கைத்தறி என்று தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கரையைப் பாருங்கள். நெய்யும்போது துணி ஒடுங்காமலிருக்க, இரண்டு முனையிலும் ஊசி உள்ள ஒரு குச்சியைக் குறுக்கே கொடுத்துப் பிடிப்பார்கள். அந்த ஊசி குத்திய சிறு துளைகள் கரையோரம் வரிசையாகத் தெரியும். அதைக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டாம்.

அதே மஞ்சளில் இன்னொன்று கேட்டேன். அந்தப் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்) முடிந்து இப்போது தறியில் நீலம் ஏறிவிட்டது, மஞ்சள் இனி நோன்புப் பெருநாள் கழிந்துதான் என்றார். முடிந்ததைக் கொஞ்சம் இழுத்துத் தர ஏலாதா என்று கேட்க வாய் வந்தது. பழக்க தோஷம். முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்திருக்கிறேன். கார்ட் எடுக்க மாட்டார்கள், காசாகக் கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், தறி ஓடாது.