நூறு ஆர்டர் வந்தது, பத்தாயிரம் போனது

ஈரோட்டில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் 11 வருடம் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவளே கணக்குப் பார்க்காமல் ஏமாந்திருக்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இணையத்தில் தொழில் தொடங்க யாரிடமாவது பணம் கட்டப்போகிறவர்கள் அதற்கு முன் இதைப் படித்துவிடட்டும் என்று எழுதுகிறேன்.

ஆலையில் ஆள் குறைத்தபோது கையில் கொஞ்சம் பணத்தோடு வெளியே வந்தேன். கோவை அவிநாசி சாலையில் ஹோட்டல் அரங்கம், இலவச வகுப்பு என்று விளம்பரம் வந்தது. மேடையில் பேசியவர் மூச்சுக்கு ஒரு முறை 'ஸ்கேல்' என்றார், அதாவது வியாபாரத்தைப் பல மடங்காகப் பெருக்குவது. "தையல் கடை வைத்தால் உங்கள் இரண்டு கை தைக்கும் அளவுக்குத்தான் வருமானம். சரக்கே வாங்கிவைக்காமல் விற்றால் பத்து ஆர்டரும் ஒன்றுதான், பத்தாயிரம் ஆர்டரும் ஒன்றுதான்." இதன் முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதியையும் நம்பினேன். நம் இணையக் கடையில் ஆர்டர் விழும், மொத்த வியாபாரி நேராக வாடிக்கையாளருக்கு அனுப்புவார். டிராப்ஷிப்பிங் என்று பெயர். கடையையும் அவர்களே அமைத்துத் தருவார்களாம். கட்டணம் 49,000, ஜிஎஸ்டியோடு 57,820 ரூபாய். அன்று மாலையே கட்டினேன்.

அவர்கள் தேர்ந்து கொடுத்த பொருள் காய்கறி நறுக்கும் டப்பா. 210 ரூபாய்க்கு வாங்கி 599க்கு விற்க வேண்டும். முப்பது வருடம் மளிகைக் கடை நடத்திய என் மாமனார் கேட்டார்: "ஒரு பெட்டிக்குக் கையில் என்ன நிற்கும், அம்மிணி?"

"389 ரூபாய், மாமா."

"வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பினால் வண்டி வாடகை யாருக்கு?"

இந்தக் காலத்து வியாபாரம் அவருக்கு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

முதல் நூறு ஆர்டரின் கணக்கைச் சொல்கிறேன். எல்லாமே பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் ஆர்டர்கள். 61 பேர் வாங்கிக்கொண்டார்கள். மற்ற 39 பெட்டிகளும் திரும்பின. வந்த பணம் 36,539. விற்ற பெட்டிகளுக்கு 12,810. திரும்பியதில் உடைந்திருந்த ஒன்பதை மொத்த வியாபாரி ஏற்கவில்லை, அதற்கு 1,890. விளம்பரத்துக்கு 18 சதவீத வரியோடு 13,000.

இதற்கு மேல் கூரியர். டப்பாவின் எடை 450 கிராம், அரைக் கிலோவுக்கு 70 ரூபாய் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பில்லில் பெட்டிக்கு 142 இருந்தது. கேட்டபோதுதான் விளங்கியது: பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கொள்வார்கள், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். என் பெட்டி 30, 25, 12. வகுத்தால் 1.8 கிலோ. உள்ளே இருந்த காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுத்திருக்கிறேன். நூறு பெட்டி போனதற்கு 14,200, திரும்பிய 39க்கு 118 வீதம் 4,602. மொத்தச் செலவு 46,502. நஷ்டம் 9,963.

வகுப்புக்காரர்களின் வழிகாட்டியிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "விளம்பரத்தை இரண்டு மடங்காக்குங்கள் மேடம், ஸ்கேல் ஆகும்போது சரியாகிவிடும்" என்றார். ஒரு பெட்டிக்கு நூறு ரூபாய் போகிற வியாபாரத்தில் ஆயிரம் பெட்டி விற்றால் லட்சம் போகும். அவர் சொன்ன ஸ்கேல் அங்கே நன்றாகவே வேலை செய்யும்.

இன்னொன்றையும் மறைத்திருந்தார்கள். விற்பனை வருடத்துக்கு 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்றார்கள். அந்த வரம்பு மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கு. வரி உள்ள சரக்கைப் பெங்களூருக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் பதிவு தேவை. கைவினைப் பொருட்கள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. எனக்கு இதைச் சொன்னவர் பழைய அலுவலகத்து ஆடிட்டர். அவரே என் ரசீதில் இருந்த அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். எண் 33 என்று தமிழ்நாட்டுக் குறியீட்டோடுதான் தொடங்கியது. பதிவு ரத்தானது என்று வந்தது. என்னிடம் வாங்கிய 8,820 ரூபாய் வரி யாருக்குப் போனதோ. இதைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் பணம் கட்டும் முன் பார்க்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், கடையை ஒப்படைத்த பிறகு தரமுடியாது என்று ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பதில் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். தொழிலுக்காக வாங்கியது என்பதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கூரியர் பில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

போன வாரம் அதே ஆட்களின் விளம்பரம் வேறு பெயரில் வந்தது. இம்முறை சேலத்தில் வகுப்பு. வெற்றி பெற்ற மாணவர்கள் வரிசையில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண் கைபேசித் திரையைக் காட்டிச் சிரிக்கிறாள். கீழே 'நூறு ஆர்டர் தொட்ட ஈரோட்டுச் சகோதரி' என்று போட்டிருக்கிறார்கள். நூறாவது ஆர்டர் வந்த அன்று அவர்கள் குழுவில் நான் போட்ட என் படம் அது.