நோர்ட்காப் ஒருநாள் டூர்: வண்டி கிளம்பிவிட்டால் காசு திரும்பாது

குளிர்காலத்தில் நார்வேயின் ஆல்ட்டாவிலிருந்து நோர்ட்காப்புக்கு ஒருநாள் டூர் போக நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தலைக்கு 2,400 குரோனர் என்று மூன்று பேருக்கு 7,200 கட்டினோம். நம்மூர்க் கணக்கில் 60,000 ரூபாய்க்குப் பக்கம். அந்தக் காசுக்கு நாங்கள் பார்த்தது ஒரு சிவப்பு விளக்கும், சாலையின் குறுக்கே இறங்கியிருந்த தடுப்புக் கட்டையும்தான். சாலை மூடிக் கிடப்பது டூர்க்காரர்களுக்குக் கிளம்பும்போதே தெரியும். தெரிந்தேதான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நோர்ட்காப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் நார்த் கேப் என்பார்கள். மாகரோயா என்ற தீவின் வட விளிம்பில், கடலிலிருந்து நேர்க்குத்தாக 307 மீட்டர் எழும்பி நிற்கும் பாறை மேடு. உச்சியில் இரும்புக் கம்பிகளால் ஆன பெரிய உலக உருண்டை இருக்கும். நார்வே போய் வந்தவர்களின் படங்களில் பார்த்திருப்பீர்கள். "ஐரோப்பாவின் வடகோடி" என்று எல்லோரும் விற்பார்கள். உண்மையில் பக்கத்திலேயே இருக்கும் க்னிவ்ஷெல்லோடன் என்ற முனை இன்னும் வடக்கே நீண்டிருக்கிறது. தீவுகளை விட்டுவிட்டு நிலப்பரப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்தப் பெயர் கின்னரோடனுக்குப் போகும். அதையெல்லாம் நான் ஏமாற்று என்று சொல்லவரவில்லை. விளம்பரத்தில் அந்த அளவுக்கு உப்புக்காரம் இருக்கத்தான் செய்யும்.

என் மனைவிக்கு வேறு ஒரு ஆசை இருந்தது. 1907இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் சுலாலங்கோர்ன் இங்கே வந்து ஒரு கல்லில் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் நினைவாக, மேட்டின் மேல் இருக்கும் கட்டடத்துக்குள் ஒரு சின்னத் தாய்லாந்து மியூசியமே வைத்திருக்கிறார்கள். வெயில் நாட்டு ராஜா ஒருவர் அந்தக் காலத்திலேயே இவ்வளவு தூரம் வந்து நின்ற இடத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆஸ்லோவிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த அவள் தம்பிக்கு அந்த உருண்டைக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

இனி சாலை விஷயம். ஏமாற்று அதில்தான் இருக்கிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

ஆல்ட்டாவிலிருந்து நோர்ட்காப் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். முதலில் ஈ6 நெடுஞ்சாலையில் சென்னாலாண்டெட் என்ற மரமில்லாத வெட்டவெளியைக் கடந்து ஓல்டர்ஃபியோர்ட் வரை போகவேண்டும். அங்கிருந்து ஈ69 பிரிந்து கடலோரமாகவே போகும். தீவுக்குள் நுழைவது கடலுக்கு அடியில் 212 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறும் ஒரு சுரங்கச் சாலை வழியாக. ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 1999இல் திறந்தது. அதைத் தாண்டினால் ஹோனிங்ஸ்வோக் ஊர். அதற்கும் அப்பால் ஸ்கார்ஸ்வோக் பிரிவு வருகிறது. அங்கிருந்து மேடு வரை உள்ள கடைசி 13 கிலோமீட்டரில் குளிர்காலத்தில் யாரும் தன்னிஷ்டத்துக்கு வண்டி ஓட்ட முடியாது. குறித்த நேரத்துக்குத் தடுப்புக் கட்டை முன்னால் வரிசையில் நிற்கவேண்டும். பனி அள்ளும் லாரி முன்னால் போகும், அதன் பின்னால் எல்லா வண்டிகளும் ஒட்டிக்கொண்டே போகவேண்டும், திரும்புவதும் அப்படியே. காற்று வேகம் கூடிவிட்டால் அந்த வரிசைப் பயணமே கிடையாது. பனி பெய்யாமலே சாலையை மூடுவார்கள். ஏற்கெனவே விழுந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டினால் எதிரே ஒரு அடி தெரியாது.

ஆக, அன்றைக்கு நோர்ட்காப் பார்க்க முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்வது அந்த 13 கிலோமீட்டர்தான். சாலை மூடியிருப்பது தெரியாது என்று எந்த டூர்க்காரரும் சொல்ல முடியாது, ஏனென்றால் சாலை நிலவரத்தை நார்வே அரசின் சாலைத்துறை தன் இணையதளத்தில் உடனுக்குடன் போடுகிறது. 175 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். டூர் நடத்துகிறவர்கள் தினமும் கண் விழித்ததும் பார்ப்பதே அதைத்தான்.

எங்கள் டூர்க்காரர்களின் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் "குளிர்காலத்திலும் நோர்ட்காப் நிச்சயம்" என்று போட்டிருந்தது. ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, உள்ளூர் மதிய உணவு, வழியில் கலைமான் கூட்டங்கள், எல்லாம் உண்டு என்று எழுதியிருந்தார்கள். வந்தது ஒன்பது பேர் உட்காரும் ஒரு வேன். வழிகாட்டி என்று தனியாக ஆள் கிடையாது, ஓட்டுநரேதான். அவரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஏறினவர், ஓல்டர்ஃபியோர்ட் வரை வாய் திறக்கவில்லை. மதிய உணவு பெட்ரோல் பங்கில் வாங்கின பன்னும் சாசேஜும். மனைவி சைவம் என்று புக்கிங்கிலேயே எழுதியிருந்தோம். அவளுக்கு சாசேஜை உருவிவிட்டு வெறும் பன்னைக் கொடுத்தார். மேலே கொஞ்சம் கெட்சப்.

கலைமான் கதை அதைவிடப் பெரியது. பிப்ரவரி மாதத்தில் அந்தக் கடலோரத்தில் கலைமான் கூட்டம் ஏது? இந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்கள் மந்தைகளைக் கோடைக்குத்தான் கடற்கரைக்கும் மாகரோயாவுக்கும் ஓட்டி வருவார்கள். குளிர்காலத்தில் பெரும்பாலான மந்தைகள் காராஷோக், கௌதோகெய்னோ பக்கம் உள்நாட்டு மேய்ச்சலில் இருக்கும். கோடைகாலத்துப் படத்தைக் குளிர்கால டூரில் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் வானிலையைப் போலவே மிருகமும் நம் கையில் இல்லை என்று அதை விட்டுவிடலாம்.

விட முடியாதது தடுப்புக் கட்டையில் நடந்தது. ஸ்கார்ஸ்வோக் பிரிவில் போய் நின்றபோது எங்களைத் தவிர ஒரு வண்டிகூட இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது. வரிசைப் பயண நேரத்துக்கு அங்கே நாலைந்து கார்களாவது நிற்கவேண்டுமே! கட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வேன் காற்றில் பக்கவாட்டில் ஆடியது. கதவைத் திறக்கப் போன மச்சானின் கையிலிருந்து அதைக் காற்று பிடுங்கிக்கொண்டது. பனி லாரி ஓரமாக நின்றிருந்தது. அதன் ஓட்டுநரிடம் நானே போய்க் கேட்டேன். நேற்று சாயங்காலத்திலிருந்தே மூடியிருக்கிறது, இன்றைக்குத் திறக்கிற பேச்சே இல்லை என்று காலையிலேயே அறிவித்தாயிற்று என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்கள் வண்டிக்காரர் பார்க்கவில்லையா?" என்று அவரே கேட்டார்.

எங்கள் வண்டிக்காரர் பார்த்திருந்தார். வேனுக்குத் திரும்பி வந்ததும் அவர் தயாராக வைத்திருந்த வாசகத்தைச் சொன்னார்: "வானிலை நம் கையில் இல்லை. மாற்று நிகழ்ச்சி உண்டு." அதிர்ச்சியோ ஏமாற்றமோ முகத்தில் இல்லை. ஐந்து நிமிடம்கூட நிற்காமல் வண்டியைத் திருப்பினார்.

மாற்று நிகழ்ச்சி என்பது ஹோனிங்ஸ்வோக்கில் இரண்டு மணி நேரம் "சுதந்திரமாக" சுற்றுவது. அந்த ஊரைக் குறை சொல்லமாட்டேன். 1944இல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஊரையே கொளுத்திவிட்டுப் போனதில், 1885இல் கட்டிய தேவாலயம் ஒன்றுதான் தப்பியது. ஊர் திரும்பியவர்கள் முதலில் அதற்குள்தான் தங்கினார்களாம். அதை விளக்கத்தானே வழிகாட்டி என்று ஒருவருக்குக் காசு கொடுத்திருக்கிறோம்? அவர் வேனிலேயே தூங்கினார். துறைமுகத்தில் பாம்சே என்ற நாயின் சிலை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நார்வேக் கப்பலில் மாலுமிகளோடு இருந்த செயின்ட் பெர்னார்ட் நாய். "மாமா, உருண்டைதான் இல்லை, இந்த நாய்கூடயாவது ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றான் மச்சான். எடுத்தோம்.

விஷயம் விளங்கியது அதற்கப்புறம் ஒரு கடையில். நாங்கள் தமிழில் புலம்பிக்கொண்டிருப்பதைக் கேட்டு ஒருவர் வந்து பேசினார், யாழ்ப்பாணத்துக்காரர். நார்வேயின் இந்த வடகோடிப் பகுதியான ஃபின்மார்க் கடற்கரையின் மீன் தொழிற்சாலைகளுக்கு 1980களிலிருந்தே ஈழத்தமிழர்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். இவரும் அப்படி வந்து தங்கிவிட்டவர். கதையைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, அவை காலமையே எல்லாம் பாத்திட்டுத்தான் வெளிக்கிடுறவை. வெளிக்கிடாட்டி முழுக்காசையும் உங்களுக்குத் திருப்பிக் குடுக்கோணும். வெளிக்கிட்டாச்செண்டால் காசு அவைக்கு."

உடனே போனை எடுத்து விதிமுறைகளைப் படித்தேன். அப்படியே இருந்தது. டூரை அவர்கள் ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும். "புறப்பட்ட பின்" வானிலையால் இலக்கை அடைய முடியாவிட்டால் மாற்று நிகழ்ச்சி தரப்படும், பணம் திரும்பாது. இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் அவர்களின் பிழைப்பே நடக்கிறது. சாலை மூடியிருப்பது தெரிந்த காலையில் ரத்து செய்தால் வேன் நிறைய ஆட்களின் பணம் போய்விடும். டீசலைப் போட்டு ஓட்டிக்கொண்டு போய்க் கட்டையைத் தொட்டுவிட்டு வந்தால் அத்தனையும் மிஞ்சும். ஊரடைப்பு என்று தெரிந்தும் டிக்கெட் கிழித்துப் பாதி வழியில் இறக்கிவிடும் பஸ் மாதிரிதான் இது, வித்தியாசம் ஒன்றுதான், இங்கே போக வர 450 கிலோமீட்டர் குலுங்கவும் வேண்டும். அன்று சென்னாலாண்டெட்டில் அடித்த காற்றை நினைத்தால், பணத்தைவிட அந்த உயிர்ப் பயத்துக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இரவு ஆல்ட்டா ஹோட்டலில் இன்னொரு விஷயம் தெரிந்தது. அங்கே தங்கியிருந்த ஒரு ஜெர்மன் தம்பதி அதே நாளுக்கு வேறு ஒரு நிறுவனத்தில் புக் செய்திருந்தார்கள். காலையிலேயே அவர்களுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது: சாலை மூடல், டூர் ரத்து, பணம் திரும்பும். ஒரே ஊர், ஒரே சாலை, ஒரே அறிவிப்பு.

எங்கள் ஆட்களுக்கு எழுதினேன். "விதிமுறைப்படி டூர் நடத்தப்பட்டது" என்று ஒரு வரி பதில். புக் செய்த இணையதளம், தான் இடைத்தரகர் மட்டுமே என்று கை கழுவியது. சட்டம் காப்பாற்றும் என்று நினைத்தால் அங்கேயும் ஓட்டை இருக்கிறது. நார்வேயின் பேக்கேஜ் டூர் சட்டம் 24 மணி நேரத்துக்குக் குறைந்த, இரவுத் தங்கல் இல்லாத பயணங்களுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் அப்படியே. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும் தேதி குறித்த பொழுதுபோக்குச் சேவைகளுக்குக் கிடையாது. ஒருநாள் டூர்க்காரர்கள் துணிச்சலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "காலையில் வரிசைப் பயணம் ரத்து என்று சாலைத்துறை அறிவித்திருந்தால் என்ன செய்வீர்கள்?" நேர்மையானவர்கள் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். "நிச்சயம் போவோம், கவலைப்படாதீர்கள்" என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். கிளம்பும் நாள் காலையில் ஏறுவதற்கு முன் நீங்களே சாலைத்துறைப் பக்கத்தில் ஈ69இன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். மூடியிருந்தால் நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வண்டியில் கால் வைப்பதற்கு முன்பே அவர்களுக்கு அனுப்பிப் பதில் கேளுங்கள். அப்புறம் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

நாள் இருந்தால் ஆல்ட்டாவை விட்டு ஹோனிங்ஸ்வோக்கிலேயே ஓர் இரவு தங்குங்கள். மேடு அங்கிருந்து 35 கிலோமீட்டருக்குள்தான். ஒருநாள் மூடினால் மறுநாள் முயலலாம். கரையோரக் கப்பலில் வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்கும் அங்கே சில மணி நேரம் நிறுத்தம் உண்டு, கப்பலிலிருந்தே மேட்டுக்குப் பஸ் போகும். காற்றடித்தால் அதுவும் நிற்கும்தான். ஆனால் மூடின கட்டையைக் காட்டிவிட்டு வர ஆல்ட்டாவிலிருந்து யாரும் உங்களை இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

எனக்குக் கார்டு கொடுத்த வங்கியில் தகராறு மனு போட்டிருக்கிறேன். நார்வேயின் நுகர்வோர் மேற்பார்வை ஆணையத்திலும் புகார் பதிவு செய்தாயிற்று. மூடல் அறிவிப்பின் நேரம், வேன் கிளம்பிய நேரம், ஜெர்மன் தம்பதி அனுப்பித் தந்த ரத்துச் செய்தி, மூன்றையும் இணைத்திருக்கிறேன். வங்கி முதல் கட்டமாகத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் போட்டிருக்கிறது. எதிர்த்தரப்பு இன்னும் பதில் சொல்லவில்லை.