மானிட்டரை எதில் மாட்டுவது: ஹெச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளேபோர்ட்டா, டைப்-சியா?

உங்கள் மானிட்டர் 1080பி (ஃபுல் ஹெச்டி), 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும்) என்றால் யோசிக்கவே வேண்டாம். பெட்டியோடு வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். 1080பி-யைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே வாங்கினால்தான் தலைவலி.

ஹெச்டிஎம்ஐ 1.4-லும் 4கே வரும், ஆனால் 30 ஹெர்ட்ஸில். மவுஸை வேகமாக இழுத்தாலே தெரிந்துவிடும்: அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்திப் போகும். 60 வேண்டுமென்றால் லேப்டாப், கேபிள், மானிட்டர் மூன்றும் ஹெச்டிஎம்ஐ 2.0-க்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒன்று பழசாக இருந்தாலும் போச்சு. கேபிளில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சில மானிட்டர்களில் மெனுவுக்குள் போய் 2.0 என்று நாமே மாற்றினால்தான் 60 கிடைக்கும்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு டிஸ்ப்ளேபோர்ட்தான் சரி. அதன் 1.2 பதிப்பே 4கே-யில் 60 ஹெர்ட்ஸையும், 1440பி-யில் 144 ஹெர்ட்ஸையும் தாங்கும். கேபிளை மதர்போர்டில் குத்திவிட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்று புலம்பாதீர்கள். கிராபிக்ஸ் கார்டில் குத்துங்கள். கழற்றும்போது கேபிள் தலையில் கொக்கி இருந்தால், அதை அமுக்காமல் இழுத்தால் போர்ட்டே பெயர்ந்து வரலாம். இன்னொன்று: டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண கேபிள் ஒருவழிப் பாதை. திருப்பி மாட்டினால் படம் வராது.

டைப்-சி வசதியானது, ஏமாற்றுவதும் அதுதான். ஒரே கேபிளில் படம், சார்ஜ், யூஎஸ்பி மூன்றும் போகும். ஆனால் எல்லா டைப்-சி போர்ட்டிலும் படம் வராது. ஓட்டைக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் மாடலின் விவரப் பக்கத்தில் 'டிபி ஆல்ட் மோட்' (டைப்-சி வழியாக டிஸ்ப்ளேபோர்ட் படத்தை அனுப்பும் வசதி) இருக்கிறதா என்று தேடுங்கள். போனோடு வந்த சார்ஜர் கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 ரகம். அதில் சார்ஜ் ஏறும், திரை கறுப்பாகவே இருக்கும். மலிவான ஹப் (ஒரு டைப்-சி போர்ட்டைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி) வழியாக 4கே எடுத்தால் பல நேரம் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். டைப்-சியில் இருக்கும் நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டை யூஎஸ்பி 3-க்குக் கொடுத்துவிட்டு மிச்ச இரண்டில்தான் படத்தை அனுப்புகிறது என்பதே காரணம். லேப்டாப்பும் ஹப்பும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் அந்த இரண்டிலேயே 60 வரும்.

விஜிஏ? பழைய ப்ரொஜெக்டருக்கு மட்டும்.

எதை மாட்டினாலும் விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை ஒருமுறை பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, மாதக்கணக்கில் 60-லேயே ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.