நீதிமன்ற இ-சேவை மையம்: 5-க்கு 3

வக்கீல் குமாஸ்தா என்பதால் எங்கள் ஊர் கோர்ட் வளாகத்தில் இருக்கும் இ-சேவை மையத்துக்கு அடிக்கடி போகிறவன் நான். சாதிச் சான்று, வருமானச் சான்று கொடுக்கும் மையம் இதுவல்ல (அதைக் கேட்டும் யாராவது வந்து நிற்பார்கள்). இது கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் வந்தது. வாய்தா தேதி, நகல் மனு, இ-ஃபைலிங், கோர்ட் கட்டணம், சிறையில் இருப்பவரைப் பார்க்க இ-முலாகாத் பதிவு எல்லாம் ஒரே கவுன்ட்டரில்.

இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஃபேன் ஓடுகிறது, பெஞ்ச் இருக்கிறது, பிரிண்டரும் பெரும்பாலும் வேலை செய்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் கோர்ட் ஊழியர் இல்லை, ஏஜென்சி அனுப்பிய ஆள்.

முன்பு ஒரு பெண் இருந்தார். ஒரு பாட்டி வந்து "ஓ.எஸ். 112" என்று சிவில் வழக்கு நம்பரை மட்டும் சொன்னால், "எந்தக் கோர்ட்டும்மா, சப் கோர்ட்டா முன்சீஃபா? எந்த வருஷம்?" என்று முதலில் கேட்பார். ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று கோர்ட்டிலும் அதே நம்பர் இருக்குமே. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் குழப்பமே இல்லைதான், ஆனால் மடித்து மடித்துக் கிழிந்த சம்மனோடு வருகிறவரிடம் அது எங்கே இருக்கும்? வழக்கில் எதிர்த்தரப்புக்காரர் பெயரைக் கேட்டு, இனிஷியலை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, ஸ்பெல்லிங்கை மாற்றி மாற்றி அடித்துக் கண்டுபிடித்துவிடுவார். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது.

அப்புறம் ஒப்பந்தம் முடிந்து வேறு ஏஜென்சி வந்தது. அவர் போய்விட்டார். இப்போது இருக்கும் தம்பி மரியாதையான பையன். ஆனால் இ.பி. (ஜெயித்த தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) போடுவதற்கு டிகிரி (தீர்ப்பின் முடிவைத் தனியாக எழுதும் கோர்ட் ஆவணம்) நகல் வேண்டும் என்று போன எங்கள் வக்கீலின் கட்சிக்காரருக்குத் தீர்ப்பு நகலுக்கு மட்டும் மனுப் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்னொருவரிடம், "எஸ்.எம்.எஸ். வரும், வீட்டுக்குப் போங்க" என்றார். நகல் அடிக்க முத்திரைத்தாள் கேட்டு கோர்ட் நோட்டீஸ் போர்டில் போட்டார்கள், அவர் பார்க்கவில்லை, கெடு தாண்டி மனு தள்ளுபடி. அப்பீல் போடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. அப்பீலுக்குக் கெடு வைக்கும் லிமிடேஷன் சட்டம் 12-ஆம் பிரிவில் நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். நாம் தாமதித்த நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தம்பியைத் திட்டிப் பயனில்லை. ஒரு பாஸ்வேர்டும் நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நகல் தயாரிக்கும் காப்பியிஸ்ட் செக்‌ஷனில் போய்க் கேட்டு வரவும் அவருக்கு அதிகாரமில்லை. சம்பளம் எப்போது வரும் என்று அவரே ஏஜென்சிக்கு போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து அறையில் பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்கிறவர்களும் ஏஜென்சி ஆட்கள்தான். இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒதுக்கிய 7,210 கோடி ரூபாயில் 2,000 கோடிக்கு மேல் இந்த ஸ்கேன் வேலைக்குத்தான். நான் பார்த்த ஒரு கட்டில் கிரயப் பத்திரத்தின் முன்பக்கம் மட்டும் ஏறியிருந்தது. சார்பதிவாளர் முத்திரையும் கைரேகையும் பின்பக்கத்தில் இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? பழைய ரெக்கார்டு கீப்பர் ஒருவர் கூட உட்கார்ந்திருந்தால் போதும்.

2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தரமான வேலையைத் தற்காலிக ஆட்களை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டுவதைக் கண்டித்தது. அவுட்சோர்சிங் என்பது சுரண்டப்படும் ஒரு கூட்டத்தை எடுத்துவிட்டு இன்னொரு கூட்டத்தை வைப்பது என்றும் சொன்னது. அது மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு, தோட்ட வேலை செய்தவர்கள் தொடுத்த வழக்கு. அந்தத் தீர்ப்பை எங்கள் கோர்ட்டில் டவுன்லோடு செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் ஏஜென்சி ஆள்தான்!

மூன்று ஸ்டார் கொடுக்கிறேன். அந்தப் பெண் இருந்தபோது கேட்டிருந்தால் ஐந்து. போகிறவர்கள் 10.30-க்கு முன்னால் போங்கள், கோர்ட் கூடிவிட்டால் கூட்டம். சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனுவை அனுப்புவதற்கு முன் தீர்ப்பா, டிகிரியா, இரண்டுமா என்று திரையில் நீங்களே பாருங்கள். எஸ்.எம்.எஸ். வந்தாலும் வராவிட்டாலும் நோட்டீஸ் போர்டைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.