நாலு வருட பிராட்பேண்ட் அனுபவம்: வேகத்தைக் குறைத்தவரிடமே விளக்கம் கேட்டுக் கோப்பை மூடும் ஆணையம்

இந்த இணைப்பு வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. ஃபைபர், 100 எம்பிபிஎஸ், அப்லோடுக்கும் டவுன்லோடுக்கும் ஒரே வேகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதல் மாதமே இதை எழுதியிருந்தால் தயங்காமல் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். ஆனால் ஒரு இணைப்பின் குணம் தெரிய ஒரு மாதம் போதாது, அதைக் கண்காணிக்க வேண்டிய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் குணம் தெரிய இன்னும் அதிக காலம் பிடிக்கும். அதனால் இரண்டையும் பற்றியே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, காப்புரிமைக் காலம் முடிந்த பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கிறோம். ஒரு புத்தகத்தின் மூலப் படங்கள் நாலைந்து ஜிபி வரும். அவற்றை பிட்டொரண்ட் வழியாகத்தான் பகிர்ந்துகொள்கிறோம், பலருடைய கணினிகள் ஒன்றுக்கொன்று நேராகக் கோப்பைத் துண்டு துண்டாகக் கொடுத்து வாங்கும் முறை அது. சர்வர் வாடகை கிடையாது, பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், யாராவது ஒருவர் கணினியை அணைத்துவிட்டாலும் மற்றவர்களிடமிருந்து வந்துவிடும். பிட்டொரண்ட் என்றாலே திருட்டுப் படம் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. லினக்ஸ் வினியோகங்களே தங்கள் கோப்புகளை இந்த வழியில் அதிகாரபூர்வமாகக் கொடுக்கின்றன என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

முதல் வருடத்தில் மாலை நேரத்தில் வேகம் விழுந்தபோது நிறுவனத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. ரௌட்டரை இடம் மாற்றினேன், வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளில் சேர்த்தேன். அப்லோடு ஓடும்போது வீடியோ அழைப்பு திக்கித் திணறியதற்குக் காரணம் என் ரௌட்டரில்தான் இருந்தது. பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, அளவுக்கு மீறி வரிசையில் நிறுத்திவைக்கும் கோளாறு அது, பஃபர்புளோட் என்பார்கள். வரிசையைச் சீராகப் பிரித்துக் கொடுக்கும் எஃப்க்யூ கோடெல் முறையை ரௌட்டரில் இயக்கியதும் அழைப்பு தெளிவானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், புகார் செய்யும் முன் நம் வீட்டுக் குறையை முதலில் களைய வேண்டும். அப்படிக் களைந்த பிறகும் பிட்டொரண்ட் மட்டும் மாலை ஆறு மணிக்கு மேல் படுத்துவிட்டது. மற்றதெல்லாம் ஓடியது.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், கேபிளா வைஃபையா, என்ன கோப்பு, என்ன வேகம். ஆறு மாதத்தில் கண்ணுக்கே தெரிந்தது. பகல் முழுக்க 70, 80 எம்பிபிஎஸ். மாலை ஆறு அடித்ததும் ஒன்று அல்லது அதற்கும் கீழே. நள்ளிரவு தாண்டியதும் மறுபடி 70. ஒரே நேரத்தில் பலர் இணையத்தைப் பயன்படுத்துவதால் வரும் நெரிசல் இப்படி மணி பார்த்து வந்து மணி பார்த்துப் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். சுவிட்சைப் போட்டு அணைத்தமாதிரி நடந்தால் எங்கோ ஒரு கருவியில் விதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விபிஎன் போட்டுப் பார்த்தேன், அதாவது உள்ளே போவதை மறைத்து வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பினேன், வேகம் வந்தது. ஆனால் விபிஎன் போட்டால் பாதையே மாறிவிடுகிறது, அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதனால் ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு நண்பர் ஒருவரை போனில் வைத்துக்கொண்டு இன்னொரு சோதனை செய்தேன். அதே கோப்பு, அதே இரண்டு கணினி, நடுவில் வேறு யாரும் இல்லை. ஐந்து நிமிடம் பிட்டொரண்ட், ஐந்து நிமிடம் ஆர்சிங்க் (கோப்பை நகலெடுத்து அனுப்பும் வேறொரு மென்பொருள்), மறுபடி பிட்டொரண்ட், மறுபடி ஆர்சிங்க் என்று ஆறு சுற்று. அவர் அந்தப் பக்கம் எண்ணைப் படிக்கப் படிக்க நான் இந்தப் பக்கம் எழுதினேன். "பாயிண்ட் ஒன்பது." "அறுபத்தொன்று." "ஒன்று." "ஐம்பத்தெட்டு." நாலாவது சுற்றில் அவர் எண்ணைச் சொல்வதையே நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். ஒரே கம்பி, ஒரே நிமிடம், ஒரே பாதை. உள்ளே போவது என்ன என்று பார்த்துத்தான் அடக்குகிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை ஒரு வீட்டுப் பயனர் கொடுக்க முடியுமா, எனக்குத் தெரியவில்லை.

வீடியோவுக்கு இதே தர்க்கத்தில் ஒரு செயலி இருக்கிறது, பெயர் வீஹி. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. ஒரு வீடியோ சேவையின் தரவுப் போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்து, அதை ஒருமுறை அப்படியே ஓட்டும், மறுமுறை உள்ளடக்கம் அடையாளம் தெரியாதபடி மாற்றி ஓட்டும். இரண்டுக்கும் வேகம் வேறுபட்டால் நடுவில் யாரோ பெயர் பார்த்துப் பிரிக்கிறார்கள். பிரான்ஸின் ஒழுங்குமுறை அமைப்பான ஆர்செப் 2018-லேயே இந்தச் செயலியைத் தன் மக்கள் கையில் கொடுத்து, வேறுபாடு தெரிந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்றது. ஒரு ஆணையம் செய்யக்கூடிய மிகச் சின்ன வேலை அது. என் ஆணையத்தின் தளத்தில் இருப்பது சாதாரண ஸ்பீடு டெஸ்ட் மட்டும். ஸ்பீடு டெஸ்ட்டை எந்த நிறுவனமும் அடக்கி வைக்காது, அதில் எப்போதும் 98 காட்டும்.

நிறுவனத்திடம் முதல் புகார் கொடுத்ததும் டெக்னீஷியன் வந்தார், காலை பதினோரு மணிக்கு. மீட்டரை மாட்டினார், 98 வந்தது, போட்டோ எடுத்துக்கொண்டார். "சார், என் பக்கம் எல்லாம் ஓகே." நோட்டைக் காட்டி, சாயங்காலம் வந்து பாருங்கள் என்றேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "நீங்க சொல்றது புரியுது சார். ஆனா அது எங்க கைல இல்ல, மேல இருந்து வர்ற செட்டிங். சாயங்காலம் எங்களுக்கு விசிட் கிடையாது." அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை, உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் படி இறங்கி முடிப்பதற்குள் டிக்கெட் க்ளோஸ் ஆனதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது.

பிறகு ஆணையத்துக்கு எழுதினேன். ஆறு சுற்றின் எண்கள், ஆறு மாத நோட்டின் நகல், வரைபடம் எல்லாம் வைத்து ஒன்பது பக்கம். பத்து நாளில் பதில் வந்தது: புகார் சேவை நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது. இருபது நாள் கழித்து நிறுவனம் ஒரு வரி எழுதியது: நெரிசலைச் சமாளிக்கச் சில வகைப் போக்குவரத்துக்கு முன்னுரிமை குறைக்கப்படலாம், இது ஒப்பந்த நிபந்தனைகளில் உள்ளது. அதை அப்படியே எடுத்துவைத்து ஆணையம் கோப்பை மூடியது: நியாயமான போக்குவரத்து மேலாண்மை, விதிமீறல் இல்லை. நெரிசல் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அந்த எட்டரை மணிக்கு என் பகுதியின் இணைப்பு எவ்வளவு நிரம்பியிருந்தது என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கும். அதைப் பார்க்கும் வசதி எனக்கு இல்லை. பார்க்கும் அதிகாரம் உள்ளவரோ கேட்கவே இல்லை. இந்த நாலு வருடத்தில் என்னை வருத்தியது குறைந்த வேகத்தைவிட இதுதான்.

போக்குவரத்து மேலாண்மையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு இணையதளத்தை முடக்க லட்சக்கணக்கான போலி வேண்டுகோள்கள் வந்து மோதும்போது அதைத் தடுத்தாக வேண்டும். அவசர அழைப்புக்கு வழி விட்டாக வேண்டும். உண்மையிலேயே நெரிசல் என்றால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 ஒழுங்குவிதி இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது: மேலாண்மை வெளிப்படையாக, பாகுபாடு இல்லாமல், தேவைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளக் கூடாது, உள்ளடக்கத்தை நோட்டம் விடக் கூடாது. வாசகத்தில் குறை இல்லை. அதை யார் அளப்பது என்பதில்தான் எல்லாம் நழுவுகிறது.

பழைய வழக்குகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரு பயனர்தான் கண்டுபிடித்திருக்கிறார். 2007-ல் அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம், பிட்டொரண்டில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு கணினிகளுக்கும் நடுவில் போலி 'ரீசெட்' பாக்கெட்டுகளைச் செலுத்தி இணைப்பை முறித்துக்கொண்டிருந்தது. மற்றவர் போனை வைத்துவிட்டார் என்று இருவருக்குமே பொய் சொல்வதற்குச் சமம் அது. தன் கணினியில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்த ஒரு வாடிக்கையாளர்தான் வெளியே சொன்னார், பிறகு ஒரு செய்தி நிறுவனம் சோதித்து உறுதி செய்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. 2010 ஏப்ரலில் நீதிமன்றம், அப்படிச் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை என்று உத்தரவையே ரத்து செய்தது.

கனடாவில் 2009 அக்டோபரில் அந்நாட்டின் ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி ஒரு கொள்கையே வகுத்தது. வேகத்தைக் குறைப்பதாக இருந்தால் வாடிக்கையாளருக்கு 30 நாள் முன்பே சொல்ல வேண்டும், எந்த வகைப் போக்குவரத்து, எந்த நேரம், எவ்வளவு குறையும் என்று விவரமாக. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புகாரைத் தொடங்கி வைக்கும் பாரம் மறுபடி பயனர் தோளில்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டு ராஜர்ஸ் என்ற நிறுவனத்தின் இணைப்பில் தடுமாறுகிறது என்று விளையாடுபவர்கள் விடாமல் எழுதி, நிறுவனம் 2011-ல் ஒப்புக்கொண்டு, 2012-ல்தான் இந்த வேகக் குறைப்பையே கைவிடுவதாக அறிவித்தது. ஒரு விளையாட்டைப் பிட்டொரண்ட் என்று கருவி தப்பாக அடையாளம் கண்டதைக் கண்டுபிடிக்கவே இத்தனை போராட்டம்.

வேறு நிறுவனத்துக்கு மாறலாமே என்பார்கள். எனக்குக் கிடைக்கும் இன்னொரு நிறுவனம் இதே கம்பியைத்தான் மொத்தமாக வாடகைக்கு எடுத்து விற்கிறது. கனடாவில் 2008-ல் பெல் நிறுவனம், தன் கம்பியை வாடகைக்கு எடுத்த சிறிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களையும் சேர்த்தே அடக்கியது. அந்தச் சிறியவர்கள் போட்ட மனுவை அந்த வருட நவம்பரில் ஆணையம் தள்ளுபடி செய்தது. கடை மாறினாலும் குழாய் ஒன்றுதான்.

மூன்றாவது வருடத்தில் இங்கே இன்னொன்று நடந்தது. மாலை மட்டும் என்று இருந்த அடக்கல் நாள் முழுவதும் ஆனது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அதே ஆறு சுற்றை ஓட்டினேன், அதே பாயிண்ட் ஒன்பது. மூன்று மணிக்கு என்ன நெரிசல்? வீஹி ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்விலும் அமெரிக்க மொபைல் நிறுவனங்கள் நெரிசல் இல்லாத நேரத்திலும் வீடியோவை அடக்கி வைத்திருந்தது தெரிந்தது. இரண்டாவது புகாரில் இந்த மூன்று மணி எண்களை முதல் பக்கத்திலேயே வைத்தேன். பதில் மட்டும் முதல் தடவை வந்ததேதான், தேதி தவிர ஒரு எழுத்தும் மாறவில்லை.

ஆணையங்கள் அசையவே அசையாது என்றும் சொல்ல மாட்டேன். 2015-ல் இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ல், உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்குக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று விதி வந்தது. சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணமில்லாமல் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அங்கே அத்தோடு நின்றது. மறுபக்கம், எல்லாப் போக்குவரத்தையும் சமமாக நடத்த வேண்டும் என்ற விதியை நீக்குவது பற்றி 2017-ல் எஃப்சிசி கருத்துக் கேட்டபோது வந்த சுமார் 2.2 கோடி கருத்துகளில் 1.8 கோடி வரை போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பின்னர் கண்டறிந்தது. உட்கார்ந்து யோசித்து எழுதியவரின் கடிதமும் அந்தக் குப்பைக்குள்தான் கிடந்திருக்கும். அமெரிக்காவில் 2015-ல் அந்த விதி, 2017-ல் நீக்கம், 2024-ல் மறுபடி விதி, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதையும் தள்ளியது. இதில் எந்த வருடத்தை நம்பி ஒருவர் புகார் எழுதுவார்?

ஆணையத்திடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். ஒரு பயனர் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், இரண்டு வகைப் போக்குவரத்துக்கு வேகம் வேறுபடுவதைக் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு நெரிசலை நிரூபிக்க வேண்டியது நிறுவனம். அந்த நேரத்தின் இணைப்புப் பயன்பாட்டு வரைபடத்தை ஆணையம் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் நெரிசல் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், "நியாயமான" என்று அவர்களே எழுதி வைத்திருக்கும் சொல்லை அளந்து பார்த்தால் போதும்.

இணைப்பைப் பற்றி மட்டும் கேட்டால்: அறுந்து போகாது, வீடியோ அழைப்பு நன்றாக இருக்கும், பில் சரியாக வரும். பிரௌசிங்கும் படமும் மட்டும்தான் என்றால் வாங்கலாம். பெரிய கோப்புகளை நேரடியாகப் பகிர்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. புகார் முறைக்குப் பூஜ்யம்.

மூன்றாவது புகார் ஐம்பது நாளாகப் பரிசீலனையில் இருக்கிறது. பிட்டொரண்டில் உள்ளே போவதைப் படிக்க முடியாதபடி மறைக்கும் என்க்ரிப்ஷனைக் கட்டாயமாக்கியதில் சில வாரம் வேகம் வந்தது, பிறகு அதையும் கருவி கண்டுகொண்டது. போன வாரம் 412 பக்கப் புத்தகம் ஒன்றின் படங்களை, நூறு எம்பிபிஎஸ் இணைப்பு வீட்டில் இருக்க, ஹார்ட் டிஸ்க்கில் போட்டு நண்பருக்குத் தபாலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது என்று செய்தி அனுப்பியிருந்தார்.